ரோபோட்டிக்ஸ் மென்டார் வேலை: சுமையைக் குறைப்பது எப்படி, விலகுவதானால் எப்போது?

கேள்வி இதுதான்: "டெட்ராய்ட் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியின் எஃப்.ஆர்.சி. ரோபோட்டிக்ஸ் அணிக்கு மென்டாராக (வழிகாட்டியாக) இருக்கிறேன். பகலில் கார் கம்பெனி வேலை. ஜனவரி பிறந்தால் ஏப்ரல் வரை வாரத்தில் நான்கு இரவு, சனிக்கிழமை முழு நாள் என்று எல்லாம் பள்ளியில்தான் போகிறது. வீட்டில் மனைவிக்கும் சின்ன மகளுக்கும் வருத்தம். இந்த வருடம் பிள்ளைகள் மீதே எரிந்து விழ ஆரம்பித்துவிட்டேன். விட்டுவிடலாம் என்றால், நான் போனால் அணி என்னாகும் என்ற பயம். என்ன செய்வது?"

முதலில் நேரான பதில். விடலாம். அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. ஆனால் விடுவதா வேண்டாமா என்பதை மே மாதம் முடிவு செய்யுங்கள், பிப்ரவரி இரவு பத்து மணிக்கு வேண்டாம். அதற்கு முன், உங்களைக் களைப்பாக்குவது எது என்று பிரித்துப் பாருங்கள். மணிக்கணக்குதான் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை அது பாதிதான். இன்னொரு பாதி, உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது என்று ஆகிவிட்ட வேலைகள்.

பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. எஃப்.ஆர்.சி. என்றால் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் காம்பெடிஷன். கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு நடத்தும் போட்டி இது. எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் துணையோடு 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு நடந்தது முதல் போட்டி. இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள். ஜனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, ரோபோக்கள் ஆட வேண்டிய அந்த வருடத்து விளையாட்டை அறிவிப்பார்கள். அதுதான் கிக்-ஆஃப். அன்றிலிருந்து சில வாரங்களில், பம்பரும் பேட்டரியும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு ஆள் எடை வரும் ரோபோவை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கட்டி முடிக்க வேண்டும். மென்டார்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

இதில் ஒரு விஷயம் பழையவர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்குத் தெரியாது. 2019 வரை ரோபோ கட்டுவதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய் நள்ளிரவுக்குள் ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, எண் போட்ட பூட்டுப் பட்டையை மாட்டி, படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அப்புறம் போட்டி நெருங்கும் வரை பிரிக்கக் கூடாது. 2020 சீசனிலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. வசதியான அணிகள் இரண்டாவது ரோபோ ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு பை போட்ட பிறகும் பழகிக்கொண்டே இருந்தன. வசதியில்லாத அணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த ஏற்றத்தாழ்வு குறைந்தது நல்லதுதான், திரும்பவும் பை வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. பெரும்பாலான அணிகளில் அன்றிரவு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் யாரும் வரவில்லை. விதி போனதும் ஏப்ரல் வரை ஒரே நீட்டாக ஓடுவது வழக்கமாகிவிட்டது.

ஆகவே அந்தக் கடைசி நாளை இனி நீங்கள்தான் வைக்க வேண்டும். கிக்-ஆஃப் நடப்பதற்கு முன்னாலேயே, டிசம்பரில், விளையாட்டு என்னவென்றே தெரியாத நேரத்தில் வையுங்கள். விளையாட்டைப் பார்த்த பிறகு யாராலும் நிதானமாக நாள் குறிக்க முடியாது. ரோபோ ஓடிக்காட்ட வேண்டிய நாள், அதற்குப் பின் புது பாகம் எதுவும் சேர்க்கக் கூடாத நாள், வாரத்தில் பள்ளிக்கு யாருமே வரக் கூடாத இரண்டு நாட்கள், ஒவ்வொரு இரவும் விளக்கை அணைக்கும் நேரம். இத்தனையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளைகள், பெற்றோர், பள்ளியில் பொறுப்பான ஆசிரியர் எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள். எட்டரை என்றால் எட்டரை. "இன்னும் பத்து நிமிஷம் சார்" என்பதற்கு ஒரு இரவு சரி என்று சொன்னால் அந்த சீசன் முழுக்க பத்து மணிதான்.

மிச்சிகனில் பதிவுக் கட்டணத்திலேயே இரண்டு மாவட்டப் போட்டிகள் அடக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வாரங்கள் என்று விருப்பம் கொடுக்கும்போது அடுத்தடுத்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். வியாழன் மாலை ரோபோவை இறக்குவதில் தொடங்கி சனி இரவு வண்டியில் ஏற்றுவது வரை ஒரு போட்டி ஆளை உறிஞ்சிவிடும். அடுத்த வாரமே இன்னொன்று என்றால் நடுவில் வரும் நான்கு இரவும் பழுது பார்ப்பதிலேயே போகும். இடையில் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மனிதராக இருக்கலாம்.

கணக்கையும் போட்டுவிடுவோம். நான்கு இரவு, இரவுக்கு மூன்றரை மணி என்றால் 14. சனிக்கிழமை எட்டு. ஆக வாரத்துக்கு 22 மணி நேரம், ஆபீஸ் வேலை 40க்கு மேலே. கிக்-ஆஃபிலிருந்து ஏப்ரலில் சாகினா வேலி பல்கலைக்கழகத்தில் நடக்கும் மாநிலப் போட்டி வரை 13, 14 வாரம். கூட்டினால் சுமார் 300 மணி நேரம் வருகிறது. இதில் வீட்டுக்கு வந்தபின் கணினியில் பார்க்கும் ரோபோ வரைபடம், பாகம் ஆர்டர் செய்வது, பெற்றோருக்கு மின்னஞ்சல் எதுவும் சேரவில்லை. ஒன்றரை வேலை பார்க்கிறீர்கள். களைப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் இதே மணிக்கணக்கில் ஓடியும் வாடாமல் இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் என்பதற்கு உளவியலில் ஓரளவு விடை இருக்கிறது. 'பர்ன்-அவுட்' எனப்படும் இந்தக் களைப்பு பற்றி உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் எழுதிய கட்டுரைக்கு அடிப்படை பெரிய கம்பெனி ஊழியர்கள் அல்ல. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை செய்தவர்கள், அதில் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவரே பகலில் தன் உளவியல் சிகிச்சைத் தொழிலை முடித்துவிட்டு இரவில் அங்கே போய்ச் சேவை செய்தவர். உங்கள் நிலைமையேதான். ஈடுபாடு அதிகமுள்ளவர்களே இதில் சீக்கிரம் விழுகிறார்கள் என்று அப்போதே எழுதினார். அவருக்குப் பின் இதை விரிவாக ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்களைச் சொல்கிறார்: உடலும் மனமும் வற்றிப்போவது, யாருக்காக உழைக்கிறோமோ அவர்கள் மீதே கசப்பு வருவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. இவற்றில் முதலாவது மட்டும் இருந்தால் ஒரு வாரத் தூக்கத்தில் தெளிந்துவிடலாம். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டாவது இருக்கிறது. பிள்ளைகள் மீது எரிந்து விழுவது உங்கள் சுபாவம் கெட்டுப்போனதால் அல்ல. அது அறிகுறி. ஒரு பிள்ளை அதே கேள்வியை மூன்றாவது முறை கேட்கும்போது எரிச்சல் வருகிறதா, இன்று பனி கொட்டி பள்ளிக்கு விடுமுறை விட்டால் நன்றாயிருக்கும் என்று மனது ஏங்குகிறதா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் காரணங்களை ஆறாகப் பிரித்தார்கள். அதில் வேலைச்சுமை ஒன்றுதான். கையில் அதிகாரம் இருக்கிறதா, உழைப்புக்கு மதிப்புக் கிடைக்கிறதா, சுற்றி ஆட்கள் இருக்கிறார்களா, பங்கீடு நியாயமாக இருக்கிறதா, நாம் நம்புவதும் அங்கே நடப்பதும் ஒத்துப்போகிறதா என்பவை மற்றவை. ரோபோட்டிக்ஸ் அணிகளில் அதிகம் கெடுப்பது என் பார்வையில் பங்கீடுதான். கல்யாண வீட்டில் சமையலும் பரிமாறலும் மொய் எழுதுவதும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் என்னாகும்? பல அணிகளில் மின்சாரம், நிரல், பொருள் வாங்குவது, வேன் ஓட்டுவது, உணவு, பெற்றோர் கூட்டம் எல்லாம் இரண்டே ஆட்கள் கையில்தான் இருக்கிறது. மீதிப் பெற்றோர் பள்ளி வாசலில் காரை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், பிள்ளை வருவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் வராததற்குப் பெரும்பாலும் காரணம், யாரும் அவர்களைக் குறிப்பாகக் கேட்காததுதான். "உதவிக்கு ஆள் தேவை" என்று பொதுவாக மின்னஞ்சல் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். "செவ்வாய்தோறும் ஆறிலிருந்து எட்டரை வரை நீங்கள் இங்கே இருக்க முடியுமா? ரோபோ பற்றி எதுவும் தெரிய வேண்டாம், லேப்டாப்பைக் கொண்டுவந்து உங்கள் வேலையைப் பாருங்கள்" என்று ஒருவரை நேரில் கேட்டால் வருவார். இது வெறும் வசதிக்காக அல்ல. ஃபர்ஸ்ட் அமைப்பின் குழந்தைப் பாதுகாப்பு விதிப்படி, பின்னணிச் சோதனை முடித்த பெரியவர்கள் குறைந்தது இருவர் கூடவே இருக்க வேண்டும். ஆகவே இன்னொருவர் இல்லாமல் நீங்கள் கிளம்ப முடியாது, நீங்கள் இல்லாமல் இன்னொருவர் கூடத்தைத் திறக்க முடியாது. சோதனை முடித்த ஐந்தாறு பெற்றோர் இருந்தால் முறை போட்டுக்கொள்ளலாம். நீங்கள் வாரம் இரண்டு இரவு மட்டும் வந்தால் போதும். இதற்கான பதிவை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள், ஜனவரியில் யாருக்கும் நேரமிருக்காது. உணவு, பயணம், ரசீது, மாநில நிதிக்கான விண்ணப்பம் ஆகிய நான்கும் பொறியியல் தெரியாத பெற்றோர் உங்களைவிட நன்றாகவே செய்யக்கூடிய வேலைகள்.

அடுத்து, ரோபோ. பெரும்பாலான அணிகள் தங்கள் சக்திக்கு மீறிய ரோபோவை முதல் வாரமே வரைந்துவிடுகின்றன. அதற்கான விலையை மார்ச் மாதம் மென்டார் தன் தூக்கத்தில் கொடுக்கிறார். கனடாவின் 1114ஆம் அணியான சிம்பாட்டிக்ஸில் நெடுங்காலம் இருந்த கார்த்திக் கனகசபாபதி பல வருடங்களாக அணிகளுக்குச் சொல்லிவரும் முதல் விதி, உன் அணியின் எல்லைக்குள் கட்டு என்பது. ஐந்து வேலையை அரைகுறையாகச் செய்யும் ரோபோவைவிட மூன்றைச் சுத்தமாகச் செய்யும் ரோபோ மேல் என்பது இரண்டாவது. இதை வெற்றிக்கான உத்தியாகத்தான் அவர் சொல்கிறார். எனக்கு இது மென்டார்களின் உடல்நலத்துக்கான விதியாகவும் தெரிகிறது. டெக்சாஸின் 118ஆம் அணி ரோபோனாட்ஸ் ஒவ்வொரு வருடமும் கிக்-ஆஃபுக்குச் சில நாட்களில் 'எவ்ரிபாட்' என்று ஓர் எளிய ரோபோவின் வரைபடம், பாகப் பட்டியல், நிரல் எல்லாவற்றையும் இலவசமாக வெளியிடுகிறது. சாதாரணக் கைக்கருவிகள் உள்ள அணியும் கட்டக்கூடியது. ஃபர்ஸ்ட் அமைப்பும் இப்போது 'கிட்பாட்' என்று ஒன்று தருகிறது. இவற்றில் ஒன்றை மூன்று வாரத்தில் கட்டி, மீதி நாட்களை டிரைவர் பழகுவதற்குக் கொடுங்கள். சுமார் இரண்டரை நிமிட ஆட்டத்தில், கையில் பழகிய எளிய ரோபோ பழகாத சிக்கலான ரோபோவை ஜெயிப்பதை எந்த மாவட்டப் போட்டியிலும் பார்க்கலாம். "நாமே வடிவமைத்தது இல்லையே" என்று சில பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அடிப்படையை வாங்கி, மேலே ஒரே ஒரு பாகத்தை அவர்களே வடிவமைக்கட்டும். அந்த ஒரு பாகத்துக்குள்ளேயே படிக்க ஏராளம் இருக்கிறது.

இனி, உங்களைத் தவிர யாரும் செய்ய முடியாத வேலைகளுக்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய் இரவைச் சொல்கிறேன். மணி எட்டு ஆகப் போகிறது. ரோபோவின் பின்பக்க மோட்டார்கள் இரண்டு பதில் சொல்லவில்லை. மற்றதெல்லாம் ஓடுகிறது. எலக்ட்ரிக்கல் பிரிவில் ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண் முகம் சிவக்க உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள், பச்சை என்று இரட்டையாக ஓடி மோட்டார்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் கேன் வயர் ஒவ்வொரு மோட்டாராகத் தொட்டுக்கொண்டு போகிறது, எங்கோ ஓரிடத்தில் விட்டிருக்கிறது என்பது இந்த வேலை தெரிந்த யாருக்கும் உடனே புரியும். கை நீட்டினால் மூன்று நிமிடம். நான் நீட்டவில்லை. "லேப்டாப் பட்டியலில் எந்த மோட்டார் வரை தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். அவள் பார்த்தாள். எண்களைத் தாளில் எழுதினாள். வயர் போகும் வழியை விரலால் தடவி, கடைசியாகத் தெரியும் மோட்டாருக்கும் தெரியாத முதல் மோட்டாருக்கும் நடுவில் நின்றாள். அங்கே ஒரு இணைப்பியில் பச்சை வயர் உள்ளே போன மாதிரி இருந்தது, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம் அவளாகவே எல்லா இணைப்பையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும் பட்டியல் ஒன்றை எழுதி ரோபோவின் தள்ளுவண்டியில் ஒட்டினாள். அந்த வருடம் இரண்டு போட்டியிலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அந்தப் பட்டியலை வைத்து வயரை இழுத்துப் பார்த்தது பிள்ளைகள்தான். மின்சாரப் பழுது என்று யாரும் என்னைத் தேடி வரவில்லை.

மென்டார் ரோபோவைத் தொடலாமா கூடாதா என்ற வாதம் எல்லா அணியிலும் உண்டு. ஃபர்ஸ்ட் அதைத் தடை செய்யவில்லை, அணியின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. கல்வி நோக்கில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சுமையின் கணக்கு மட்டும் தெளிவானது: நீங்கள் இரவோடிரவாகச் சரிசெய்த எதுவும் போட்டி நாளில் உடைந்தால் உங்களிடமே வரும். எட்டு மணிக்கு மிச்சம் பிடித்த அரை மணி நேரம் மார்ச் மாதத்தில் ஐந்து மடங்காகத் திரும்பும்.

வீடு. இதில் நான் சொல்வதைவிட உங்கள் மனைவி சொல்வதற்கே எடை அதிகம், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நம் வீடுகளில் இந்த சீசன் வந்து மோதும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. பொங்கல் எப்போதும் கிக்-ஆஃபுக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு சனிக்கிழமை. மகளுக்கு வார இறுதியில் தமிழ்ப் பள்ளி. சித்திரை ஒன்று மாநிலப் போட்டிக்கு அருகில். மேலே சொன்ன டிசம்பர் தாளில் இந்த நாட்களையும் சிவப்பு மையில் எழுதி, அணியிடம் "இந்த நாட்களில் நான் இல்லை" என்று சொல்லிவிடுங்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, "இன்று சீக்கிரம் வந்துவிடுவேன்" என்ற வாக்கை விட்டுவிடுங்கள். "செவ்வாயும் வியாழனும் ஒன்பதுக்கு வருவேன், மற்ற நாள் வீட்டில் இருப்பேன்" என்று சொல்லி அப்படியே நடந்தால், மணிக்கணக்கு குறையாவிட்டாலும் வீட்டில் வருத்தம் குறையும். நிச்சயமில்லாமல் காத்திருப்பதுதான் வீட்டில் இருப்பவர்களை நோகடிக்கிறது.

நீங்கள் களைத்தால் பிள்ளைகளும் களைத்திருப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்கிறது. பத்து மணிக்குப் பள்ளியை விட்டு, பதினொன்றரைக்கு வீட்டுப்பாடம் முடித்து, காலை ஆறுக்கு எழும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? பேண்ட்-சா ரம்பத்தின் பக்கத்தில் கொட்டாவி விடும் பிள்ளையைப் பார்த்தால் அன்றைய வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கருவியைத் தொடுமுன் வீட்டுப்பாடம் என்ற விதியைப் பல அணிகள் வைத்திருக்கின்றன. நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மே மாதம் கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வு வருகிறது, ரோபோவுக்காக மதிப்பெண்ணை இழந்த பிள்ளையின் பெற்றோர் அடுத்த வருடம் தம்பியை அனுப்ப மாட்டார்கள்.

இவ்வளவு செய்தும் விலகத்தான் வேண்டும் என்று தோன்றினால், விலகுவதற்கும் முறை இருக்கிறது. மே மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள், அடுத்த சீசனுக்கு எட்டு மாதம் இருக்கிறது. அதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, உங்கள் தலையில் மட்டும் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். நிரல் வைத்திருக்கும் கிட்ஹப் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கிறதா? ஆன்ஷேப் வரைபடங்கள்? பாகம் விற்கும் கடைகளில் கணக்கு யார் பெயரில்? அணிப் பதிவில் முதன்மை மென்டார்களாக இருக்கும் இரண்டு பெயரில் ஒன்று உங்களுடையதா? பேட்டரி சார்ஜரில் கோளாறான வாய் எது, கூடத்தின் சாவி யாரிடம், எந்த ஸ்பான்சருக்கு எந்த மாதம் கடிதம் எழுத வேண்டும்? பல அணிகள் தடுமாறுவது மென்டார் போனதால் அல்ல, அவரோடு கடவுச்சொற்களும் போனதால்.

முழுக்க விலகாமல் சுருக்கிக்கொள்ளவும் வழி உண்டு. செவ்வாய் மட்டும், எலக்ட்ரிக்கல் மட்டும் என்று ஒரு சிறிய பொறுப்பை வைத்துக்கொள்ளலாம். போட்டிகளில் ரோபோ பரிசோதகராகவோ கட்டுப்பாட்டு அமைப்பு ஆலோசகராகவோ மூன்று நாள் தன்னார்வலராக இருக்கலாம், அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு ஃபர்ஸ்ட் நடத்தும் லெகோ லீக் பத்துப் பேருக்கு மேற்படாத சின்ன அணி, இலையுதிர் காலத்தில் தொடங்குவது. அதற்கு மாறினால் மகளோடேயே அந்த நேரம் போகும். உங்கள் இடத்துக்குப் போன வருடம் பள்ளி முடித்த மாணவரை இழுத்துவிடாதீர்கள். ஆசையாக வருவார், ஆனால் கல்லூரி முதல் வருடம் அவருக்கே பெரிய சுமை. இரண்டு வருடம் போகட்டும்.

அணி கலைந்துவிடுமோ என்ற பயத்துக்கு: ஆள் இல்லாவிட்டால், மிச்சிகனில் உயர்நிலைப் பள்ளி அணிகளைச் சேர்க்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு, ஒரு வருடம் எஃப்.டி.சி. எனும் ஃபர்ஸ்டின் சிறிய ரோபோக்களுக்கான போட்டிக்கு இறங்கலாம். அங்கே அதிகபட்சம் பதினைந்து பிள்ளைகள்தான், செலவும் மிகக் குறைவு. எஃப்.ஆர்.சி. பதிவுக்கே சுமார் ஆறாயிரம் டாலர் போகிறது என்பதால் பள்ளி நிர்வாகமும் இதைக் காது கொடுத்துக் கேட்கும். ஆள் சேர்ந்ததும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். மே மாதக் கூட்டத்துக்குப் போகும்போது இந்த வழியையும் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பொறுப்பாசிரியரிடம் இரண்டு நாள் முன்னதாகத் தனியாகப் பேசிவிடுங்கள், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் முதன்முறையாக அவர் கேட்கும்படி ஆக வேண்டாம்.